வராந்தாவில் நிற்கிறவர்கள்

மாணவர் மாநாடுகளில் அவை நடத்துவது எனக்குப் பிழைப்போடு ஒட்டிக்கொண்டுவந்த வேலை. சம்பளம் வணிகவியல் பாடம் எடுப்பதற்கு வருகிறது. ஊர் ரஞ்சன்குடி. திருச்சியிலிருந்து சென்னை போகிற நெடுஞ்சாலையில், பெரம்பலூர் தாண்டிச் சிறிது தூரத்தில் பேருந்து ஜன்னல் வழியே ஒரு கோட்டை தெரியுமே, அதுதான் எங்கள் ஊர். பலரும் கோட்டையைப் பார்த்திருப்பார்கள், இறங்கியிருக்க மாட்டார்கள்.

இந்த மாநாடுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) இருந்த காலத்திலேயே அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து, அந்தச் சங்கத்தைப் போலவே கூட்டம் நடத்திப் பார்த்தார்கள். ஐ.நா. வந்த பிறகு அது ‘மாதிரி ஐ.நா.’ ஆனது. அதற்குள் ஒரு கிளை உண்டு. பிள்ளைகள் அதை ‘கிரைசிஸ் கமிட்டி’ என்பார்கள், நான் நெருக்கடி அவை என்கிறேன். இதில் மாணவர் நாடாக உட்கார மாட்டார், ஆளாக உட்காருவார். ஓர் அமைச்சர், ஒரு முதலாளி, ஒரு தளபதி. பின்னறையில் நாலைந்து பேர் இருந்துகொண்டு நடுநடுவே செய்தி அனுப்புவார்கள். செய்தி வந்ததும் நிலைமை மாறும், கூட்டமும் திசை மாறும். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு முதலில் இது பிடிபடாது. பட்டிமன்றத்தில் கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். இங்கே தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. கையைத் தூக்குகிறவர்களின் எண்ணிக்கைதான் தீர்ப்பு.

நான் திரும்பத் திரும்ப நடத்துவது ஒரே ஒரு விஷயத்தை. தொழில்முறைக் கால்பந்து லீக் ஒன்று தொடங்கப்படுகிறது. எப்படி, யாரால், யாருடைய பணத்தில்?

கபடியும் கைப்பந்தும் கிரிக்கெட்டும் ஆடுகிற மண்ணில் கால்பந்து எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆரம்பத்தில் நானும் உள்ளூர்ச் சரக்கைத்தான் எடுத்தேன். 1751இல் எங்கள் கோட்டையை ஒட்டி வாலிகண்டபுரப் போர் நடந்தது. சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலி பக்கம் ஆங்கிலேயர்கள். பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போய், அரைவட்டக் கொத்தளங்களையும் அகழியையும் காட்டி, மறுநாள் அவையில் உட்காரவைத்தால் நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் போருக்கு ஒரு குறை உண்டு. யார் எந்தப் பக்கம் என்பது காலையிலேயே முடிவாகிவிடும். மதியத்துக்குள் பேச்சு முழுக்கப் பீரங்கியை எங்கே நிறுத்துவது என்பதில் போய் நிற்கும். வணிகவியல் வாத்தியாருக்கு அதில் என்ன வேலை?

எனக்கு வேண்டியிருந்தது வேறு வகை எதிரிகள். ஒருவரை ஒருவர் தோற்கடித்தே தீர வேண்டும், ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவர் பிழைக்க முடியாது. சனிக்கிழமை மைதானத்தில் முட்டிக்கொண்டு திங்கட்கிழமை ஒரே மேசையில் வசூலைப் பங்கு போட வேண்டும். உலகத்தில் எத்தனையோ சங்கங்கள், கூட்டமைப்புகள் இருக்கின்றன. இந்தக் குணம் விளையாட்டு லீக் அளவுக்கு வேறு எதிலும் துலக்கமாக இல்லை. ஒரு துணிக்கடை இன்னொரு துணிக்கடையை மூடவைத்தால் லாபம். ஒரு கால்பந்து கிளப் எதிர் கிளப்பை மூடவைத்தால், அடுத்த வாரம் யாரோடு ஆடும்?

துணிக்கடை என்று சும்மா சொல்லவில்லை. உலகத்தின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கிவைத்தவர் ஒரு துணிக்கடைக்காரர். வில்லியம் மெக்கிரகர். ஸ்காட்லாந்திலிருந்து பர்மிங்காமுக்கு வந்து கடை வைத்தவர், ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகிகளில் ஒருவர். அவர் பட்ட சிக்கலை எங்கள் பிள்ளைகளுக்குப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை, திருவிழாக் கபடி போதும். வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அணி வேன் பிடித்து வருகிறது. நுழைவுக் கட்டணம் கட்டுகிறது. நாக் அவுட் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தோற்றால் பரோட்டாவைத் தின்றுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். வேன் வாடகை கைக்காசு. 1880களில் இங்கிலாந்துக் கிளப்புகளின் நிலை அச்சாக இதுதான். 1885இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று அனுமதி வந்தது. சம்பளம் வாராவாரம் போனது, வசூல் வாராவாரம் வரவில்லை. கோப்பைப் போட்டியில் தோற்றால் ஆட்டமே கிடையாது. நட்பு ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்ட கிளப்போ, நல்ல ஆட்டம் வேறு அமைந்தால் கடைசி நேரத்தில் கைவிரித்துவிடும்.

1888 மார்ச் 2ஆம் தேதி மெக்கிரகர் சில கிளப்புகளுக்குக் கடிதம் போட்டார். பத்துப் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து, ஒவ்வொன்றும் மற்ற எல்லோருடனும் சொந்த ஊரில் ஒரு முறையும் அவர்கள் ஊரில் ஒரு முறையும் கட்டாயம் ஆடுவது. அவ்வளவுதான் யோசனை. அதே மாதம் 23ஆம் தேதி லண்டனில் ஓர் ஓட்டலில் கூடினார்கள். ஏப்ரல் 17ஆம் தேதி மான்செஸ்டரில் இன்னொரு ஓட்டலில் லீக் பிறந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி ஆட்டம் தொடங்கிவிட்டது. வென்றால் எத்தனை புள்ளி, டிரா ஆனால் எத்தனை என்பது அப்போது முடிவாகியிருக்கவில்லை. வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 என்று நவம்பரில்தான் தீர்மானித்தார்கள். அவை தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே அறுபது பக்கச் சட்டதிட்டம் எழுத உட்காருகிற மாணவர்களுக்கு இதைச் சொல்வேன். அந்த முதல் பருவத்தில் பிரஸ்டன் நார்த் எண்ட் 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. விதி முழுமையாக இல்லாதது அவர்களை ஒன்றும் செய்துவிடவில்லை.

மெக்கிரகர் கதையில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு விவரம். ஒதுக்கக் கிடைத்த தேதிகள் 22. அதற்கு 12 கிளப்புகள்தான் அடங்கும். எல்லாமே நடு இங்கிலாந்தையும் வடக்கையும் சேர்ந்தவை, தெற்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் வெளியே நின்றது. ஷெஃபீல்டு ஊர்க் கிளப்பான வெட்னஸ்டேயும் வெளியே நின்றது. நின்றவர்கள் அழுதுகொண்டு இருக்கவில்லை. மறு வருஷமே ‘ஃபுட்பால் அலையன்ஸ்’ என்று தங்களுக்குத் தனி லீக் கட்டிக்கொண்டார்கள். 1892இல் பெரிய லீக் இறங்கிவந்து அவர்களைச் சேர்த்துக்கொண்டது, அதிலிருந்து இரண்டாம் பிரிவு என்ற ஒன்றே உருவானது. மேலே போவது, கீழே இறங்குவது என்று இன்று உலகம் முழுக்க இருக்கிற ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தது, முதல் கூட்டத்தில் நாற்காலி கிடைக்காதவர்களின் பிடிவாதம்.

இதற்குப் பிறகு என் அவையின் அமைப்பை மாற்றினேன். அறைக்குள் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் ஒரு கூட்டம். அறைக்கு வெளியே வராந்தாவில் நாற்காலி இல்லாமல் நிற்கிறவர்கள் இன்னொரு கூட்டம். வராந்தா ஆட்களுக்கு ஓட்டு கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. அவர்கள் துண்டுச் சீட்டு அனுப்பலாம், உள்ளேயிருந்து வெளியே வருகிறவர்களை மடக்கிப் பேசலாம், தங்களுக்குள் கூடிப் போட்டி லீக் அறிவிக்கலாம். மாநாடு நடத்துகிறவர்களுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. பதிவுக் கட்டணம் கட்டிய பிள்ளையை வெளியே நிறுத்துவதா என்பார்கள். நிறுத்தத்தான் வேண்டும். என் அவையில் விருது வாங்கிப் போனவர்களில் கணிசமான பேர் வராந்தா ஆட்கள்.

இனி கவர் விஷயம். நெருக்கடி அவையின் உயிர் மேடைப் பேச்சில் இல்லை, காலையில் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிற பழுப்புக் கவரில் இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு தாள். உங்களிடம் என்ன இருக்கிறது, எதைக் கண்டு பயப்படுகிறீர்கள், எதை வெளியே சொல்லக் கூடாது. இந்த மூன்றுக்கும் பதில் அதில் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். ஆசையை மட்டும் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் பேரம் பேச மாட்டார்கள், பிரசங்கம் செய்வார்கள். பயம் இருந்தால்தான் விட்டுக்கொடுப்பார்கள்.

கவர் எழுதுவதற்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கதை போல ஒன்று அமையாது. பெரிய ஐந்து என்று அழைக்கப்பட்ட ஆர்செனல், எவர்டன், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், டோட்டன்ஹாம் ஆகியவை பழைய லீக்கை உடைத்துக்கொண்டு போகத் துடித்தன. 1988இல் ஐ.டி.வி. தொலைக்காட்சி நான்கு வருஷத்துக்குக் கொடுத்தது 4.4 கோடி பவுண்டு, அது 92 கிளப்புகளைக் கொண்ட லீக்குக்கு. அந்தப் பணத்தை இத்தனை பேரோடு ஏன் பகிர வேண்டும்? 1991 ஜூலை 17ஆம் தேதி தொடக்க உறுப்பினர்களின் ஒப்பந்தம் கையெழுத்தானது. 22 கிளப்புகள், 22 மாணவர்கள். கணக்கு எனக்குத் தோதாக அமைந்தது. 18 கிளப்புகள் போதும் என்பது கால்பந்துச் சங்கத்தின் திட்டம். ஆனால் வெளியேறப் போகிற நாலு பேர் யார் என்று கேட்டதும் அந்தத் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. என் அவையிலும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் படுக்கிறது.

உச்சக்கட்டம் 1992 மே 18. ஒளிபரப்பு உரிமை யாருக்கு? ஐ.டி.வி.யா, ஸ்கையா? பெரிய ஐந்தில் ஆர்செனல், எவர்டன், லிவர்பூல், யுனைடெட் நான்கும் ஐ.டி.வி. பக்கம். டோட்டன்ஹாமின் புதிய முதலாளி ஆலன் சுகர் மட்டும் ஸ்கை பக்கம். அவருடைய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம்தான் ஸ்கை பார்ப்பதற்கான டிஷ் ஆன்டெனா தயாரித்துக்கொண்டிருந்தது. இதைக் கூட்டத்தில் அவரே சொன்னார். சொன்ன பிறகும் ஓட்டுப் போட விட்டார்கள். கிளப்புக்கு ஓர் ஓட்டு, விழுந்த ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 14 பேர் ஸ்கைக்கு, 6 பேர் எதிராக, 2 பேர் நடுநிலை. ஒரே ஓர் ஓட்டு எதிர்ப்பக்கம் போயிருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும். லீக்கை உடைத்துக்கொண்டு வந்த பெரியவர்களே, தாங்கள் ஒப்புக்கொண்ட ‘ஆளுக்கோர் ஓட்டு’ விதியால் தோற்றுப்போனார்கள். ஐந்து வருஷத்துக்கு 30.4 கோடி பவுண்டு, ஸ்கையும் பி.பி.சி.யும் சேர்ந்து. வருகிற உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி எல்லோருக்கும் சமம், கால் பங்கு பருவ முடிவில் பட்டியலில் பிடித்த இடத்தைப் பொறுத்து, கால் பங்கு எத்தனை ஆட்டம் டிவியில் வந்தது என்பதைப் பொறுத்து.

இந்த ஐம்பது, இருபத்தைந்து, இருபத்தைந்து கணக்கைப் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முறை ஓல்டம் அத்லெட்டிக் கவர் செட்டிகுளம் பக்கத்து மாணவி ஒருவருக்குப் போனது. வீட்டில் சின்ன வெங்காயம், விற்பது கமிஷன் மண்டியில். காலை முழுக்க அவர் வாயைத் திறக்கவே இல்லை. பெரிய ஐந்து பேரும் மாறி மாறிச் சதவீதம் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சின்ன கிளப்புகள் எட்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு எழுந்தார். பாதிப் பணம் சமமாகப் பிரிக்காவிட்டால் எட்டு ஓட்டும் எதிராக விழும் என்றார். இருபத்திரண்டில் எட்டு எதிர் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தேறாது. அறையில் யாருமே அந்தக் கணக்கைப் போட்டிருக்கவில்லை. எப்படிம்மா காலையெல்லாம் பேசாமல் இருந்தாய் என்று பிறகு கேட்டேன். “எதிராளி விலை சொல்ற வரைக்கும் நாம வாயத் தொறக்கக் கூடாது சார். அப்பா மண்டியில அப்படித்தான் நிப்பாரு.”

நான் வகுப்பில் பேரம் பற்றிப் பாடம் எடுப்பவன். அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நம் நாட்டுக் கதையை நடத்துவது இதைவிடக் கடினம். இங்கிலாந்தில் இருந்த கிளப்புகளே லீக்கைக் கட்டின. இந்தியாவில் லீக்கைக் கட்டியவர்கள் ஒரு பக்கம், கிளப்புகள் இன்னொரு பக்கம். 1996இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது, முதல் பட்டம் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்கு. 2007இல் அது ஐ-லீக் ஆனது, முதல் பட்டம் கோவாவின் டெம்போவுக்கு. பிறகு 2010 டிசம்பர் 9ஆம் தேதி அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த கிளப்புகள் அந்த மேசையில் இல்லை. 2013இல் அவர்கள் சங்கம் சேர்ந்து எதிர்த்தார்கள். அந்த நிறுவனம் தொடங்கவிருந்த புது லீக்கோடு ஒப்பந்தம் போடுகிற ஆட்டக்காரர்களைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். ஆக, என் வராந்தா இங்கே அசலாகவே இருந்தது. அதில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் போன்ற பழம்பெரும் கிளப்புகள் நின்றுகொண்டிருந்தன.

இந்த அவையின் முதல் மணி நேரம் எப்போதும் ஒரே மாதிரி நடக்கும். யாராவது ஒருவர், நல்ல பிள்ளை, எழுந்து கடைசி இடத்து அணி கீழே இறங்க வேண்டும், கீழ் லீக்கில் வென்ற அணி மேலே வர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருவார். கைத்தட்டல் பலமாக இருக்கும். பிறகு அணி உரிமையாளர்கள் எட்டுப் பேரும் கவரை எடுத்து இன்னொரு முறை படிப்பார்கள். வருஷா வருஷம் கோடிக்கணக்கில் உரிமைக் கட்டணம் கட்டி வாங்கிய அணி, ஒரு மோசமான பருவத்துக்காகக் கீழே போவதா? கைத்தட்டியவர்களே தீர்மானத்தைத் தோற்கடிப்பார்கள். வெளியே நிற்கிறவர்களுக்குச் சத்தம் கேட்கும், வராந்தாவிலிருந்து முதல் துண்டுச் சீட்டு அப்போதுதான் வரும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிடித்தமான திருப்பம் ஒன்று இந்தக் கதையில் உண்டு. 2014 ஏப்ரலில் அணிகளுக்கான ஏலம் முடிந்தபோது பட்டியலில் சென்னை கிடையாது. பெங்களூரு அணியை எடுத்திருந்தது நம் சென்னையின் சன் குழுமம். அது பிறகு விலகிக்கொண்டது. அந்தக் காலியிடத்தில்தான் சென்னை வந்தது, அபிஷேக் பச்சனின் பெயரோடு. பிறகு தோனியும் சேர்ந்துகொண்டார். கடைசியாக உள்ளே நுழைந்த அந்தச் சென்னையின் எஃப்.சி. 2015லும் 2017–18லும் பட்டம் வென்றது. சன் குழுமம் விலகிய செய்தியை நான் இரண்டாம் நாள் காலை பின்னறையிலிருந்து அனுப்புவேன். ஒரு நாற்காலி காலியாகும். வராந்தாவில் இருக்கிற பழைய கிளப்பைக் கூப்பிடுவதா, புது ஊரைத் தேடுவதா? இதுவரை ஒரே ஒரு அவைதான் வராந்தாவைக் கூப்பிட்டிருக்கிறது. அதுவும் தலைமை தாங்கியவர் மோகன் பகான் ரசிகர் என்பதால் என்று எனக்குச் சந்தேகம்.

2014 அக்டோபர் 12ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் அந்தப் புது லீக்கான இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) முதல் ஆட்டம். கொல்கத்தா மூன்று கோல், மும்பை பூஜ்யம். முதல் கோலை அடித்தவர் எத்தியோப்பியாவின் ஃபிக்ரு டெஃபெரா. டெல் பியரோ, ட்ரெசகே, பிரெஸ், எலானோ என்று ஓய்வை நெருங்கிய பெரிய பெயர்கள் வந்து இறங்கின. மைதானத்தில் குறைந்தது ஐந்து இந்தியர்கள் ஆட வேண்டும் என்பது விதி, அதாவது ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். இதை மாணவர்கள் கடுமையாகத் திட்டுவார்கள். ஆனால் ரசிகர் வருவாரா என்று பயப்படுகிற கவர் கையில் இருந்தால், அவர்களே ஆறுக்கு ஓட்டுப் போடுவார்கள். பின்னாளில் அந்த எண்ணிக்கை நான்காகக் குறைந்தது.

வராந்தாவில் நின்றவர்கள் என்ன ஆனார்கள்? சிலர் பக்கவாட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். டெம்போ, சல்கோகர் உரிமையாளர்கள் எஃப்.சி. கோவாவில் பங்கு சேர்ந்தார்கள். ஷில்லாங் லஜோங் ஆரம்பத்தில் வடகிழக்கு அணியோடு சேர்ந்தது. 2017இல் மிசோரமின் ஐஸ்வால் ஐ-லீக் பட்டத்தையே வென்று நாட்டை மூக்கில் விரல் வைக்கச் செய்தது, ஐ.எஸ்.எல். கதவு திறக்கவில்லை. 2018–19இல் கோயம்புத்தூரில் ஆடிய நம் சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன் ஆனது, அப்போதும் திறக்கவில்லை. மோகன் பகான் 2020இல் கொல்கத்தாவின் ஐ.எஸ்.எல். கிளப்போடு இணைந்து உள்ளே போனது, ஈஸ்ட் பெங்காலும் அதே வருஷம் போனது. ஆடி வென்று, வெற்றியின் பலத்தில் மேலே வந்த முதல் கிளப் பஞ்சாப் எஃப்.சி., 2023இல். முதல் ஆட்டத்துக்கும் அதற்கும் நடுவே ஒன்பது வருஷம். இங்கிலாந்தில் வராந்தா ஆட்களை உள்ளே கூப்பிட நான்கு வருஷம் ஆனது. நம்முடையது பாதிக்குப் பாதி மந்தம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அங்கே வெளியே நின்றவர்களால் தாமே ஒரு லீக்கை நடத்த முடிந்தது. இங்கே அவர்களுடைய லீக்கே அவர்கள் காலடியிலேயே இரண்டாம் தரமாக்கப்பட்டது.

தொழில் நுணுக்கம் சில சொல்ல வேண்டும், இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு உதவும். பின்னறையிலிருந்து செய்தியை எப்போது அனுப்புவது? சண்டை சூடாக இருக்கும்போது அனுப்பினால் இருக்கிற சண்டையும் கெட்டுப்போகும். எல்லோரும் சீக்கிரம் ஒத்துப்போய்ச் சிரிக்க ஆரம்பித்ததும் அனுப்ப வேண்டும். செய்தி நடந்ததாக இருக்கலாம், அந்தக் காலத்தில் நடந்திருக்கக் கூடியதாக இருக்கலாம். அதைத் தாண்டக் கூடாது. பின்னறையில் உட்காருகிற இளைஞர்களுக்குச் சினிமா பிடிக்கும். கூட்டமைப்புத் தலைவரைக் கடத்திவிட்டார்கள், முதலாளியின் காரில் குண்டு என்று எழுதிக்கொண்டு வருவார்கள். கிழித்துப் போட்டுவிடுவேன். ஒரு விளம்பரதாரர் பின்வாங்கினாலே ஒரு லீக்குக்குப் போதுமான குண்டு அது. கரும்பலகையில் வரவு செலவுக் கணக்கை எழுதிவைத்து, ஒவ்வொரு தீர்மானத்துக்குப் பிறகும் எண்ணை மாற்ற வேண்டும். எண் மாறுவதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளை சும்மா பேச மாட்டான். அவைத்தலைவர் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மாநாடுகள் ஆங்கிலத்தில் நடப்பவை. கோட்டு மாட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்த சொற்றொடர்களைச் சொல்லி, ‘கௌரவ உறுப்பினர்’ என்று விளித்து நடப்பவை. தமிழ்வழிப் படித்துவந்த பிள்ளைகள் இரண்டு நாளும் பெயர்ப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டுப் பிரியாணி சாப்பிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய ஊரில், தமிழில் துண்டுச் சீட்டு அனுப்பினால் மதிப்பெண் கிடையாது என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். நான் நடத்துகிற அவையில் எந்த மொழியிலும் பேசலாம், எந்த மொழியிலும் எழுதலாம். தமிழ் அனுமதித்த நாளிலிருந்து துண்டுச் சீட்டுகளின் தரமே வேறு. ஆங்கிலச் சீட்டில் ‘பரஸ்பர நலன் கருதி ஒத்துழைக்க விழைகிறோம்’ என்ற வகையில் இருக்கும். தமிழ்ச் சீட்டு ஒன்று ஞாபகம் இருக்கிறது: “மாப்ள, உங்க ஸ்டேடியம் லீசு மார்ச்சோட முடியுதுன்னு எனக்குத் தெரியும். அஞ்சு மணிக்குள்ள வராந்தாவுக்கு வா.” மூன்று மணிக்கே வந்துவிட்டான்.

2025இல் இந்த அவைக்கு யாரும் எதிர்பாராத புதுப் பாகம் கிடைத்தது. அந்த 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் தேதியோடு முடிய வேண்டியிருந்தது. ஜூலையிலேயே லீக்கை நடத்திவந்த நிறுவனம், அடுத்த ஒப்பந்தம் தெளிவாகும்வரை பருவத்தை நிறுத்திவைப்பதாகச் சொல்லிவிட்டது. கூட்டமைப்பின் சட்டதிட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. புதிதாக வணிக உரிமைக்கு ஏலம் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஏலம் கேட்க ஒருவரும் வந்திருக்கவில்லை. கிளப்புகள் பயிற்சியை நிறுத்தின, ஆட்டக்காரர்கள் லீக்கை ஆரம்பியுங்கள் என்று பொதுவெளியில் கெஞ்சினார்கள். கடைசியில் அரசு நடுவே வந்து, 2026 பிப்ரவரியில் சுருக்கமான பருவம் ஒன்றைத் தொடங்குவதாக அறிவித்தது.

இதை அவையாக நடத்தினேன். அறைக்குள் போட்ட நாற்காலிகள் பாதி காலி. ஏலம் கேட்க வர வேண்டியவர்களின் பெயர்ப் பலகைகள் மட்டும் மேசையில். கிளப் உரிமையாளர்கள், ஆட்டக்காரர்கள், ரசிகர் சங்கம், பழைய ஐ-லீக் கிளப்புகள் எல்லோரும் வராந்தாவில். முன்பு உள்ளே உட்கார்ந்து மற்றவர்களை வெளியே நிறுத்தியவர்களும் இப்போது அங்கேதான். முதல் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள். இரண்டாம் நாள் ஒரு மாணவர் வராந்தாத் தரையில் சாக்பீஸால் கிளப்புக்கு ஒன்றாக 14 கட்டம் போட்டு, யாரும் வராவிட்டால் நாமே செலவைப் பங்கு போட்டு நடத்தினால் ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கெழுத ஆரம்பித்தார். 1888இல் பன்னிரண்டு கிளப்புகள் செய்தது அதுதான் என்று அவருக்கு நான் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அன்று மாலை நிறைவேறிய தீர்மானம், நான் நடத்திய அவைகளில் வந்தவற்றுள் ஆகச் சிறந்தது: லீக்கின் சொந்தக்காரர்கள் கிளப்புகளே, கிளப்புக்கு ஓர் ஓட்டு, கீழ் லீக்கில் வென்றவருக்குக் கதவு கட்டாயம் திறக்க வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் இதை நடத்திப் பார்க்க நினைக்கிற ஆசிரியர்களுக்கு: செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு கட்டு பழுப்புக் கவர், கொஞ்சம் ஜெராக்ஸ், அடுத்தடுத்து இரண்டு வகுப்பறை, ஒரு வராந்தா. கால்பந்து தெரியாத ஊர் என்று தயங்க வேண்டாம், கபடி லீக்காக மாற்றிக்கொள்ளுங்கள். புரோ கபடியும் 2014 ஜூலையில் எட்டு அணிகளோடு தொடங்கியதுதான், கவர்கள் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். என்னிடம் இருக்கிற கவர்களைக் கேட்கிறவர்களுக்குத் தருகிறேன். ஒரே நிபந்தனைதான். மேசையில் யாரை உட்காரவைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், வராந்தாவில் நிற்கப்போகிறவர்களைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அதற்கு உங்களிடம் இருப்பதிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகளை அனுப்புங்கள்.